தாவூது பாய் தடவிய மஞ்சள் கிரீஸ்

காரிமங்கலம் பைபாஸ் பக்கம் என்னுடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பக்கத்துத் தகரக் கொட்டகை தாவூது பாயின் ஒர்க்‌ஷாப். இருபத்திரண்டு வருஷமாக இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தகரத் தடுப்புதான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் வியாபாரம் இல்லாமல் கொட்டாவி விட்டால் அவருக்குக் கேட்கும்.

பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. வலது முழங்கால் சரியாக மடங்காது. வண்டிப் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் சீட்டில் ஒரு கையை ஊன்றி, முனகிக்கொண்டே பெயின்ட் டப்பா மேல் உட்காருவார். எழுந்திருப்பது அதைவிடப் பெரிய வேலை. ஒரு நாளைக்கு ஒன்பது பத்து மொபெட்டாவது வரும். எல்லாம் தக்காளிப் பெட்டிகளைச் சுமந்து இடுப்பொடிந்தவை. அவற்றை நிமிர்த்தி அனுப்பிவிட்டு அவர் குனிந்தபடி வீட்டுக்குப் போவார். மனைவி சுல்தானாவுக்குச் சர்க்கரை, மகன் உபைத் ஓசூரில் கம்பெனி வேலை. "வேலைய விட்டுட்டு எங்கூட வந்துடுங்க, அத்தா" என்று மகன் கூப்பிடுகிறான். பாய் யோசித்துக்கொண்டே இருக்கிறார், ஆறு வருஷமாக.

எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கின் மனசை கிரீஸை வைத்துத்தான் அளப்பார்கள். வேலை முடிந்த இடத்தில் கிரீஸ் பிதுங்கி நிற்க வேண்டும். பிதுங்காவிட்டால், "என்னாங்க, நெத்தியில பொட்டு வெக்கிற மாதிரி வெச்சிருக்கீங்க?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார்கள். இந்த விஷயத்தில் பாய் வள்ளல். கை நிறைய அள்ளி அப்புவார். அந்தக் கிரீஸை விற்றவன் நான் என்பதால் எனக்கும் அந்தத் தாராளம் பிடித்திருந்தது.

அர்ச்சுனன் மாரண்டஹள்ளிக்காரர். பெங்களூரில் ஒரு ஜெர்மன் தொரைக்குப் பத்தொன்பது வருஷம் கார் ஓட்டியவர். தொரை ஊருக்குக் கிளம்பும்போது தன் பெரிய மோட்டார் சைக்கிளை அர்ச்சுனன் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாராம். அத்தனை வருஷ உழைப்புக்கு அர்ச்சுனனிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த வண்டிதான். மனைவி தீர்த்தம்மாளைப் பின்னால் உட்காரவைத்து அவர் சந்தைக்கு வந்தால், மாடு பிடிக்க வந்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு வண்டியைப் பார்ப்பார்கள். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி. பஸ் படி ஏற முடியாது. எங்கே போவதென்றாலும் அந்த அகலமான சீட்டுதான்.

அந்த வண்டிக்குச் செயின் கிடையாது. இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு போகும். தண்டின் முனையில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். அது, உள்ளே பல் வெட்டிய ஒரு குழலுக்குள் செருகிக்கொண்டு சுற்றும். இதை ஸ்ப்ளைன் என்பார்கள். வழியில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருந்தும் யாரும் அதைத் தொடத் துணியவில்லை. தாவூது பாய் தொட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் பின்டயர் மாற்ற வந்தபோது பாய் அந்தத் தண்டைக் கழற்றினார். பற்களின் மேல் கறுப்பாக, மை பூசினாற்போல் மெல்லிசாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்ட விரலோடு என் கடைக்கு வந்தார்.

"காளியப்பன், இந்தக் கறுப்பு என்னான்னு பாருங்க. இதே மாதிரி வேணுங்க."

நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது காஞ்சி போன பழைய கிரீஸு பாய். தொடச்சிட்டு நம்ம மஞ்சளப் போடுங்க. எல்லாம் ஒண்ணுதான்" என்றேன். மஞ்சள் கிரீஸ் டப்பாக்கள் எட்டு, தூசி படிந்து அலமாரியில் உட்கார்ந்திருந்தன.

பாய் மண்ணெண்ணெய் ஊற்றி அந்தக் கறுப்பைச் சுத்தமாகக் கழுவினார். மஞ்சளை அள்ளி அப்பினார். மூடும்போது நாலு பக்கமும் பிதுங்கி வழிந்தது. அர்ச்சுனனுக்கு மனசு நிறைந்துவிட்டது. "தொரை சரியான கஞ்சன் பாய்" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

போன ஆவணியில் அதே சாதி வண்டியில் வந்த ஒரு பெங்களூர்க்காரருக்கு எங்கள் கடை வாசலில் பஞ்சர். டயர் ஒட்டும் நேரத்தில் பாய் பேச்சுக் கொடுத்தார். இந்தப் பல்லுக்கு நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். அவர் பையிலிருந்து கட்டைவிரல் அளவு ட்யூப் ஒன்றை எடுத்துக் காட்டினார். பிதுக்கினால் கறுப்பு. மாலிப்டினம் கலந்த பேஸ்ட். பேரிங்கில் உருளை உருளும், கிரீஸ் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்ப்ளைனில் எதுவும் உருளாது, பல்லும் பல்லும் அழுத்தி அரைத்துக்கொண்டே இருக்கும். அங்கே சாதாரண கிரீஸைப் போட்டால் பாதி பிதுங்கிவிடும், மீதியைச் சுற்றுகிற வேகம் வீசி எறிந்துவிடும். அப்புறம் இரும்பு இரும்பைத் தின்னும். இந்தப் பேஸ்ட் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் மெல்லிசாகத் தடவினால் போதும். இவ்வளவையும் அவர் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சுல்தானா கொடுத்தனுப்பிய டிபனை பாய் திறக்கவே இல்லை.

"நான் கழுவி ஊத்துனது அதாங்க" என்றார்.

அந்தப் பேஸ்டை நான்தான் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். வந்ததும் பாய் அர்ச்சுனனுக்குப் போன் போட்டார். எந்த மெக்கானிக்காவது ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைக் கொண்டுவா என்று கூப்பிடுவானா? எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பாய், வண்டி வந்தா பேசாம இதத் தடவி மூடிடுங்க. அவருக்கு என்னா தெரியப் போவுது? பத்து வருஷம் கழிச்சிப் போனாலும் ரோடு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

பாய் அலுப்போடு என்னைப் பார்த்துவிட்டு ஒரு மொபெட்டுக்கு பிரேக் கட்டை மாற்றப் போனார். அவர் வயிற்றுப் பிழைப்பு அவருடைய நல்ல பேரில்தான் ஓடுகிறது. அது போனால் ஓசூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவருக்கும் அது தெரியும்.

அர்ச்சுனன் புதன்கிழமை வந்தார். பின்னால் தீர்த்தம்மாள். அந்த அம்மா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பாய் தண்டைக் கழற்றி வெளியே இழுத்தார். மஞ்சள் பேருக்குக்கூட இல்லை. செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் துரு கொட்டியது. துடைத்துப் பார்த்தால், தலை தட்டையாக இருக்க வேண்டிய பற்கள் கூர்த்துப்போயிருந்தன. பாதிப் பல்தான் மிச்சம்.

பாய் அதை அர்ச்சுனன் கையில் கொடுத்தார்.

"இது நான் பண்ண தப்புங்க. இதுல இருந்த சரியான மருந்தக் கழுவிட்டு, ஆவாத கிரீஸப் போட்டு மூடிட்டேன். மூணு வருசமா அரைச்சிருக்குது."

அர்ச்சுனன் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினார். முகம் கறுத்துவிட்டது.

"புதுசு கெடைக்குமா?"

"பெங்களூர்ல ரெண்டு எடத்துல விசாரிச்சேங்க. இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லியாம்."

"எவ்வளவு நாளு ஓடும்?"

"இந்தப் பேஸ்டு போட்டு மெதுவா ஓட்டுனா ரெண்டு வருசம் வரலாங்க. ஆனா பின்னாடி ஆளு ஏத்தக் கூடாது. பல்லு தாங்காது."

தீர்த்தம்மாள் நிமிர்ந்து பார்த்தார். முழங்காலைத் தடவிய கை நின்றுவிட்டது.

"அந்தக் கிரீஸப் போடச் சொல்லி யாரு சொன்னாங்க பாய்?" என்று கேட்டார் அர்ச்சுனன்.

நான் மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், நினைத்தபடியே நின்றேன்.

"யாரும் சொல்லலீங்க. எனக்குத் தெரியல, போட்டுட்டேன்" என்றார் பாய்.

அர்ச்சுனன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் கத்தவில்லை. தண்டைத் திருப்பிக் கொடுத்து, "போட்டு மூடுங்க பாய்" என்றார். பாய் பழைய பல் பிரஷ்ஷால் கறுப்புப் பேஸ்டை மெல்லிசாகத் தடவினார். எங்கேயும் பிதுங்கவில்லை. அர்ச்சுனன் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, அதன் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

"என் பேரச் சொல்லியிருக்கலாமே பாய்" என்றேன், கடையை மூடும்போது.

அவர் சீட்டில் கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். "நீங்க விக்கிறவங்க. வண்டியத் தொட்டது நானு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதுதான் உண்மை என்பதுபோல, களைத்துப்போய்ச் சொன்னார்.

அர்ச்சுனன் இப்போதும் பாயிடம்தான் வருகிறார். தீர்த்தம்மாளுக்காக ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார், அதையும் பாயிடமே விடுகிறார். போன வாரம் அதற்கு பிரேக் கட்டை போட வந்தார். என் கடையில் நல்லதாகவே இருக்கிறது. அவர் தர்மபுரியில் வாங்கி, பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.