ஜோதி அச்சேற்றாமல் போன பெயர்

எங்கள் கல்லூரி இதழியல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. அதனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோதியின் படம் மட்டும் வந்து விழுந்ததும் இரண்டு பேர் கேக் படம் போட்டுவிட்டார்கள். நானும் வாழ்த்துத் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் அவள் போனிலிருந்து அவள் அண்ணன், ஜோதி இறந்துவிட்டாள் என்று அடுத்த வரியை அனுப்பிவிட்டார். கேக் போட்டவர்கள் அவசர அவசரமாக அழித்தார்கள். முகப்பேரில் காய்கறிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

காமாலை. முப்பது வயதுகூட ஆகவில்லை. அம்பத்தூரில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் கடையில் அவளுக்கு வேலை. முகூர்த்த மாதம் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தள்ளிப்போட்டிருக்கிறாள். மஞ்சளாகிப் போன அந்தக் கண்ணைத் தினமும் பார்த்தவர்களில் ஒருத்தருக்குக்கூடவா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத் தோன்றவில்லை? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கூடப் படித்தவர்களுக்கு ஜோதியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் வருவாள். யாருடைய டிபன் பாக்ஸும் அவளிடமிருந்து தப்பியதில்லை. ஒரு பக்கத்தை வடிவமைத்து முடித்தால் தாளில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பாள். "நேரா பாத்தா படிக்க ஆரம்பிச்சிடுவோம்டீ. கவுத்துப் பாத்தாதான் எங்க கனமா கீது, எங்க காலியா கீதுன்னு தெரியும்" என்பாள். நாங்கள் சிரிப்போம். பிறகு நாங்களும் அப்படியே பார்க்கத் தொடங்கினோம்.

கடைசி வருடம் செய்முறைப் பாடத்துக்காக மாணவர் இதழ் ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. எனக்கும் அவளுக்கும் எதிரெதிரே விரியும் நடுப்பக்கங்கள் கிடைத்தன. எழுத்து நான், வடிவமைப்பு அவள். எதைப் பற்றி என்பதை அவள்தான் முடிவு செய்தாள். அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் கஸ்தூரி அம்மாள் இருந்தார். அவருடைய ஒரே மகன் அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் மின்சாரம் தாக்கி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்படி ஒருத்தன் எங்களிடம் வேலையே செய்யவில்லை, சும்மா உள்ளே வந்தவன் என்று பட்டறைக்காரர் சாதித்துவிட்டார். பேப்பரில் 'வாலிபர் பலி' என்று மூன்று வரி வந்தது. அதிலும் பெயர் இல்லை.

நாங்கள் போனபோது கஸ்தூரி அம்மாள் பீரோவிலிருந்து மகனின் படத்தை எடுத்துவந்து ஜோதியின் மடியில் வைத்தார். "படம் பெருசா போடு, சின்னதா போடு, நான் கேக்க மாட்டேன். கீழ எம்புள்ள பேரு இருக்கணும். அவன் அந்தப் பட்டறைக்குத்தான் வேலைக்குப் போய்கினு இருந்தான்னு போடு. அச்சுல வந்துட்டா அப்புறம் இல்லன்னு எவன் சொல்லுவான்?" என்றார். ஜோதி, "போடுறேம்மா" என்றாள். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் எழுதிக்கொண்டுபோன கட்டுரையில் பாதியை வெட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. "நீயே இவ்ளோ அழுதுட்டா படிக்கிறவன் இன்னாடி பண்ணுவான்?" என்று கேட்டாள். வெட்டிய இடம் முழுவதையும் அந்தப் படத்துக்கே கொடுத்தாள். இடது பக்கம் முழுக்க அவன் முகம். இரண்டு பக்கமும் சேரும் மடிப்பில் முகம் மாட்டிவிடக் கூடாது என்று திரும்பத் திரும்ப நகர்த்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "கட்டுரை இருக்கட்டும், பேரு வேணாம்மா. நாளைக்குப் பட்டறைக்காரன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினா நீயா வந்து நிப்பே?" என்றார். ஜோதி விடவில்லை. தினமும் போய் அவர் அறை வாசலில் நின்றாள். பத்திரிகைப் பக்கம் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இன்னும் கைக்கு வராத வாசகத்துக்குப் பதிலாக எதையாவது அடித்து இடம் பிடித்து வைப்பார்கள். அவர் சம்மதிக்கும்வரை படத்துக்குக் கீழே 'இங்கே பெயர்' என்று ஜோதி அடித்து வைத்திருந்தாள்.

அச்சுக்குப் போகிற அன்று காலையில் அவர் சம்மதித்தார். ஜோதி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடனே உட்கார்ந்து பெயரை அடித்தாள். எங்கள் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் 'ஃபைனல்', 'ஃபைனல் ரெண்டு', 'உண்மையான ஃபைனல்' என்று கோப்புகள் குவிந்து கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் அவள் அச்சகத்துக்கு அனுப்பியது முந்தைய கோப்பு.

கட்டு பிரித்து முதல் பிரதியை விரித்தது ஜோதிதான். பெரிய முகம். அதன் கீழே 'இங்கே பெயர்'.

அவள் அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒருவன் ஆறுதலாகத்தான் சொன்னான்: "அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே, குடுத்துட்டு வந்துடு." ஜோதி அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று மாலையே நாங்கள் இருவரும் போனோம். கஸ்தூரி அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினார். படத்தின் கீழே இருந்த எழுத்தை விரலால் தடவி, "இதான எம்புள்ள பேரு?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஜோதி, "இல்லம்மா. பேரு விட்டுப்போச்சு. என் தப்புதான்" என்றாள். அவர் திட்டவில்லை. பத்திரிகையை மூடி அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜோதி கிடைத்த பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டுப் பேனாவால் பெயரை எழுதினாள். அச்சு எழுத்தைப் போலவே நிறுத்தி நிதானமாக எழுதினாள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். கஸ்தூரி அம்மாள் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். "பேனாவுல யாரு வேணா எழுதலாம்மா. நான் அச்சுலதான கேட்டேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அதன் பிறகு ஜோதி எத்தனையோ வாசல் ஏறினாள். அடுத்த வருட மாணவர் இதழில் ஒரு திருத்தம் போடச் சொல்லிக் கேட்டாள். பழைய கதை என்றார்கள். பத்திரிகைகளுக்கு எழுதினாள், பதில் இல்லை. ஆல்பம் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் நான்தான் சொன்னேன்: "உன் கடையிலேயே மெஷின் இருக்கு, அந்தப் பக்கத்தை மட்டும் அடிச்சுக் குடுத்துடேன்." அவள் தலையை ஆட்டினாள். "ஒருத்தருக்குக் காட்ட அடிச்சா அது ஏமாத்து வேலைடீ. நாம யாருன்னே தெரியாதவங்க கைக்குப் போகணும். அதான் அச்சு." ரயில் நிலையத்துக்குக் குறுக்கு வழி இருந்தும் அவள் கஸ்தூரி அம்மாளின் தெரு வழியாகவே போய் வந்தாள். அவரைப் பார்க்கும்போதெல்லாம் "போடுறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாளாம்.

சாவு வீட்டுக்குக் கஸ்தூரி அம்மாளும் வந்திருந்தார். ஜோதியின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நல்ல பொண்ணும்மா. போடுறேன் போடுறேன்னு சொல்லிகினே இருந்துச்சு. போட்டுட்டாவது போயிருக்கலாம்." பிணத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன். சாமியானா ஓரம் நின்றபோதுதான் புரிந்தது. ஜோதி உயிரோடு இருந்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

ஜோதியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது எனக்கு அவளைத் தெரியாதவர்கள்தான் அதிகம் வேண்டியிருக்கிறார்கள். இந்த இதழின் ஆசிரியரிடம், இடம் போதவில்லை என்றால் என் பத்திகளில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசி வரியில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அவளுடைய நினைவாக நான் புடவையோ படமோ எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கொடுத்த வாக்கை எடுத்துக்கொண்டேன். இதழ் கைக்கு வந்ததும் திருமுல்லைவாயிலுக்குப் போய்க் கஸ்தூரி அம்மாளிடம் கொடுப்பேன். அவர் விரல் வைத்துக் கேட்டால் ஆமாம் என்று சொல்வேன்.

கஸ்தூரி அம்மாளின் மகன் பெயர் தினேஷ். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்தான்.