வள்ளி இறங்காத ஊருணி

வெயிலில் சூடேறிய லாரி டியூப்பின் ரப்பர் வாசனையும் பாசித் தண்ணீரின் வாசனையும் கலந்து மூக்கில் ஏற, ஒரு கோடை விடுமுறை முழுவதையும் நான் தண்ணீரிலேயே கழித்தேன். காரைக்குடியில் எங்கள் தெருவை ஒட்டியிருந்த குளிக்கிற ஊருணி அது. குடிதண்ணீர் ஊருணி வேறு, அதில் கால் நனைக்கக்கூட விட மாட்டார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் என் தோழி வள்ளியின் தம்பி இந்தக் குளிக்கிற ஊருணியில் வழுக்கி விழுந்து இறந்துபோயிருந்தான். ஊருணிக்கு வேலி போட்டுப் பூட்டிவிடலாம் என்று தெருக்கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்த கருப்பையா மாமாவே வேண்டாம் என்றார்.

“பூட்டுனா ஏறிக் குதிக்குங்க. எல்லாப் புள்ளைகளுக்கும் நீச்சல் சொல்லிக் குடுத்துருவோம். நானே சொல்லிக் குடுக்குறேன்.”

பஞ்சர் கடை வைத்திருந்த அவர், ஒட்டுப்போட்ட டியூப்புகளைத் தோளில் மாட்டிக்கொண்டு விடிந்ததும் வந்துவிடுவார். டியூப்பில் நிற்காமல் நழுவும் வாண்டுகளின் முதுகில் முற்றிக் காய்ந்து மிதக்கும் நெத்துத் தேங்காய் இரண்டைச் சேர்த்துக் கட்டுவார். பெண்பிள்ளைகளுக்கு எதற்கு நீச்சல் என்று முணுமுணுத்தவர்களை, “தண்ணிக்கு ஆணு பொண்ணு தெரியுமா?” என்று கேட்டு வாயடைத்தார். “காலை ஒதை, வாயை மூடு” என்று அவர் போட்ட சத்தத்தில், பயந்தாங்கொள்ளியான நானே அக்கரை தொட்டேன்.

வள்ளி மட்டும் படியில் உட்கார்ந்திருப்பாள். “நானும் எறங்கவாப்பா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம், திரும்பிக்கூடப் பார்க்காமல், “நீ அங்குட்டே இரு” என்பார். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் கொடுத்த மனிதருக்குச் சொந்தப் பெண்ணிடம் மட்டும் அது வரவில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. குறை சொல்லத்தான் மனம் வரவில்லை.

பிறகு வேலி வந்தது, பூட்டும் வந்தது, கூடவே குப்பையும் வந்தது. தேங்காய் கட்டி நீந்திய கூட்டம் ஊர் ஊராகப் பிழைக்கப் போய்விட்டது. இன்று எங்கள் தெருவில் நீந்தத் தெரிந்த ஒரு பிள்ளை இல்லை. அது பொறுக்காமல் சில இளைஞர்கள் பூட்டைத் திறந்து, ஆகாயத்தாமரையை அள்ளியெறிந்து, ஞாயிறுதோறும் நீச்சல் சொல்லித் தருகிறார்கள். மிதவைச் சட்டை, விசில், கயிறு எல்லாம் இருந்தும் பெற்றோர் பிள்ளைகளின் கையை விடுவதில்லை. வேலிக்கு வெளியே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போன ஞாயிறு, பெண்களுக்கான நேரத்தில் வள்ளி வந்தாள். காதோரம் நரைத்துவிட்ட வயதில், என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரே ஒரு முறை முங்கி எழுந்தாள்.

உடை மாற்றியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்து மின்விசிறிக்கு அடியில் கூந்தலை விரித்துப்போட்டு உட்கார்ந்தாள். மாமா இப்போது கண் மங்கிக் கட்டிலோடு கிடக்கிறார்.

“காயிற மட்டும் இங்க இருக்கேன்டி,” என்றாள். “வெளிய போயிட்டு வந்தா, ஈரமா இருக்கான்னு அப்பா என் தலையத் தொட்டுப் பாக்குறாக. இப்பவும்.”