மாம்பழ ஐஸ்கிரீம் சொன்ன விமர்சனம்

சிட்னியில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தபோது டிக்கெட் கிடைக்காத நாடகத்தை லண்டனில் பகல் காட்சியாகப் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்பது சும்மா. விமானக் களைப்பில் முதல் பாதி முழுக்கத் தூங்கிவிட்டேன்.

இடைவேளையில் ஐஸ்கிரீம் விற்கும் பெண்ணின் பெயர் அட்டையில் சிவகௌரி என்றிருக்கிறது. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். "அக்கா, சிட்னி தமிழ் வானொலியில இதுக்கு நான் விமர்சனம் சொல்லணும். நாடகம் எப்படி?"

"மேடையை ஆர் பாத்தது தம்பி? முடிஞ்சாப்பிறகு கப் பொறுக்கேக்கதான் எனக்குத் தெரியும். வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டிருந்தா நாடகம் சரியில்லை. உருகிக் கிடந்தா நல்ல நாடகம்."

"இது எப்படி?"

"இங்க நேற்றுத்தான் தொடங்கினது. நேற்று எனக்கு லீவு." மாம்பழ ஐஸ்கிரீம் ஒன்றை நீட்டுகிறார். "நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

இரண்டாம் பாதியில் அக்காவும் தங்கையும் மழை காணாத பண்ணையை விற்பதா வேண்டாமா என்று சண்டை போடுகிறார்கள். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

நாடகம் முடிந்து விளக்கு எரிகிறது. கறுப்புப் பையோடு வரிசை வரிசையாக வந்த சிவகௌரி அக்கா என் முன்னால் நிற்கிறார். மரக்கரண்டி இன்னும் கழற்றிய மூடிக்குள்ளேயே இருக்கிறது. ஐஸ்கிரீம் முழுக்க உருகி என் பேண்ட்டில்.

"நல்ல விமர்சனம்," என்று சிரிக்கிறார். "ஆனா இதை ரேடியோவில எப்பிடிக் காட்டப்போறியள்?"