ரயில் பாலத்துக்குக் கீழே ஓர் அருவி

என் மகளின் வயிற்றைக் கெடுத்தது எது? போன ஜூன் மாதம் நாங்கள் போய்க் குளித்த அருவியின் தண்ணீரா, அதே நாளில் நான் புட்டியில் ஏழு மணி நேரம் வைத்திருந்து கொடுத்த பாலா? ஒரு வருடமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பால்தான் என்று தோன்றும். சாயங்காலத்துக்குள் தண்ணீர்தான் என்று ஆகிவிடும். எதுவானாலும், ஒன்றைக் கொடுத்தவளும் நான், மற்றதைக் கொடுக்கவிட்டு நின்றவளும் நான்.

நாங்கள் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கிறோம். என் கணவர் ஒரு கம்பெனியில் கிளார்க். அவருடைய அக்காவை நான் மைனி என்று கூப்பிடுவேன். அவர் தாராவியில், பத்து நிமிட நடையில் இருக்கிறார். நான் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது எனக்கு வீட்டைத் துடைத்து வைத்து, மீன் குழம்பு ஆக்கி வைத்திருந்தவர் அவர்தான். அதனால் அவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு வராது. வந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

கோடை விடுமுறை முடிவதற்குள் எங்கள் சர்ச் சபைக் குடும்பங்கள் ஒரு நாள் ரயிலில் போய் மலையேறி வருவது வழக்கம். போன வருடத்துக்கு முந்திய இரண்டு வருடமும் மே மாதத்தில் போனார்களாம். அருவி என்று காட்டப்பட்ட இடத்தில் காய்ந்த கறுப்புப் பாறையைப் பார்த்து, புளிச்சோற்றைத் தின்றுவிட்டு வந்தார்களாம். போன வருடம் மைனி, முதல் மழை விழுந்த பிறகுதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஜூலை வரை பொறுங்கள், முதல் வாரத்துத் தண்ணீர் மலையைக் கழுவி வருகிற தண்ணீர் என்று என் கணவரின் ஆபீஸில் ஒரு மராட்டியர் சொன்னார். அதை மைனி கேட்கவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்த மறுநாளே போய் நின்றவர் அவர்.

பம்பாய்க்காரர்களுக்கு அருவி என்றால் தூரத்தில் நின்று பார்க்கிற காட்சி. திருநெல்வேலியிலிருந்து வந்த எங்களுக்கு அப்படி இல்லை. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அதற்குள் நிற்க வேண்டும். மூலிகைகளைத் தொட்டு வருகிற தண்ணீர் என்று ஒரு கை குடிக்க வேண்டும். வர முடியாதவர்களுக்குப் புட்டியில் பிடித்து வர வேண்டும். ஆகவே மலையடிவாரத்தில் இருக்கிற கர்ஜத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது எங்கள் கூட்டத்திடம் இரண்டு சீசா நல்லெண்ணெய், ஒரு டப்பா சீயக்காய், நான்கு காலிப் புட்டிகள் இருந்தன. என்னிடம் பத்து மாதக் குழந்தையும் ஒரு பால் புட்டியும் இருந்தன. விடியற்காலை ஐந்து மணிக்குக் காய்ச்சிய பால். அதைத் துணியில் சுற்றிப் பையின் நடுவில் வைத்திருந்தேன். வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தால் பால் கெடாமல் இருந்துவிடுமா?

இரண்டு மணி நேரம் ஏறினோம். மூன்று நாள் மழையில் பாதை சேறாகிவிட்டிருந்தது. மாட்டுச் சாணமும் அழுகிய இலையும் செருப்புக்கும் காலுக்கும் நடுவில் புகுந்துகொண்டன. பிறகு மரங்கள் விலகின. அருவி அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. இரண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளையாக விழுந்து, கீழே அகலமான குட்டையாகி, அங்கிருந்து கல்லுக்குள் ஓடியது. மலைக்குப் புதிதாக வந்திருந்த பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. என் கணவர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். அது கைகொட்டிச் சிரித்தது.

அந்த அழகு அரை மணி நேரத்தில் போய்விட்டது. இருபது பேர் எண்ணெய்த் தலையோடு இறங்கினார்கள். குட்டையின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவியது. சீயக்காய் நுரை மஞ்சளாகக் கரையில் ஒதுங்கி, உதிர்ந்த முடியைச் சுற்றிக்கொண்டு அசைந்தது. ஒருவர் காறித் துப்பினார். துப்பியதைத் தண்ணீர் உடனே கொண்டுபோகாமல் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. எங்களுக்கு முன்பு வேறு யாரோ வந்திருக்க வேண்டும், கற்களுக்கிடையில் கோழி எலும்பும் முட்டை ஓடும் ஊறிக் கிடந்தன. நான் கணுக்கால் அளவில் நின்றேன். என் விரலுக்கடியில் வழுவழுவென்று ஏதோ இருந்தது. அது பாசிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழ்க்கிராமத்துப் பெண் ஒருத்தி குடத்தோடு எங்களைத் தாண்டிப் போனாள். அருவியில் குடத்தை வைப்பாள் என்று நினைத்தேன். அவள் எங்களைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு, பக்கத்துப் பாறைக்குப் பின்னால் ஊறுகிற சின்னச் சுனைக்குப் போய், சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பினாள். கால் மணி நேரம் ஆயிற்று அவளுக்கு. இவ்வளவு தண்ணீர் கொட்டும்போது ஏன் அங்கே போகிறாள் என்று கேட்கத் தோன்றியது.

அப்போது தலைக்கு மேல் கடகடவென்று சத்தம் வந்தது. அருவி விழுகிற பாறைக்கு மேலே, மரங்களுக்குள், ஒரு கல் பாலம் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஓடை அந்தப் பாலத்துக்கு அடியில் நுழைந்து வந்துதான் அருவியாக விழுந்தது. பாலத்தின் மேல் ரயில் போனது. பூனா பக்கத்திலிருந்து இறங்கி வரும் நீளமான வண்டி. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையசைத்தார்கள். ஜன்னல்களிலிருந்தும் கைகள் அசைந்தன. ஒரு பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சளாரென்று இறங்கி, பாலத்தின் கல்லில் அடித்து வழிந்தது. அது எங்கிருந்து வருகிற தண்ணீர் என்று ஒரு தடவையாவது ரயிலில் போன எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்பு, டிசம்பரில், நாலு மாதக் குழந்தையோடு மெட்ராஸிலிருந்து அதே வழியாக வந்தேன். பூனாவைத் தாண்டியதும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. வண்டி மலையிறக்கத்தில் குகைக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தது. நான் கக்கூஸில் நின்றுகொண்டு, துணிகளை அலசி அலசி அந்த ஓட்டைக்குள் ஊற்றினேன். கடைசித் துணியை அலசக்கூடத் தெம்பில்லை. அப்படியே ஓட்டைக்குள் விட்டுவிட்டேன். கீழே தண்டவாளம்தானே என்று நினைத்தேன். தண்டவாளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நினைக்கவில்லை.

அருவியின் ஓரத்தில், பாறைப் பிளவில், ஒரு கந்தல் துணி சிக்கி நீரில் ஆடிக்கொண்டிருந்தது. அது என்னுடையது அல்ல. நான் விட்டது நீலக் கட்டம், இது வெள்ளையாய் இருந்து பழுப்பானது. அது யாருடையதாக இருந்தாலும், நான் தண்ணீரிலிருந்து காலை எடுத்துக் கரைக்கு ஏறினேன். எட்டு மாத வண்டிகளின் அழுக்கு அந்தக் கல்லில் காய்ந்து கிடந்திருக்கிறது. முதல் மழை அதைக் கழுவுகிறது. நாங்கள் அதற்கடியில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறோம்.

திரும்பிப் பார்த்தேன். மைனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அருவியில் ஏந்திய கையை அதன் வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"மைனி, வேண்டாம். காய்ச்சாத தண்ணி" என்றேன்.

"ஏட்டி, இது மூலிகைத் தண்ணி. இதக் காய்ச்சுனா மருந்து செத்துப் போவும்" என்றார். "நீ படிச்ச புஸ்தகத்துல மலைத்தண்ணி இருக்காது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு, சபை மூப்பர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், கக்கூஸ் என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என் மகளின் துணியைச் சொல்ல வேண்டும். நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போது குழந்தை குடித்துவிட்டது. இரண்டு மடக்கு. அதற்குப் பிடித்திருந்தது. இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பால் புட்டியைத் திறந்து முகர்ந்தேன். புளித்திருந்தது என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குழந்தை அழுதது. கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சளியும் ரத்தமுமாக ஒன்பது நாள். அந்த நாட்களின் நாற்றம் எங்கள் வீட்டுக்குள் குளிக்கவும் கழுவவும் இருக்கிற மோரியில் இன்னும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, பினாயில் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். வெளியில் எங்காவது தண்ணீர் குடித்ததா என்று அவர் கேட்டார். மைனி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூன்று இரவு தூங்காமல் குழந்தையை மடியில் போட்டிருந்தவர். நான் இல்லை என்றேன். வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான் என்றேன். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். நான் சொன்ன பொய்யை வைத்து மருந்து கொடுத்தார். கர்த்தர் கிருபையால் குழந்தை பிழைத்தது.

வெளியே வந்ததும் மைனி சொன்னார்: "நாங்க இருவது பேரு குடிச்சோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. உன் புட்டிப் பாலுதாம்ட்டி."

அது உண்மைதான், வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் என்னால் இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

எங்கள் பங்குக்குக் கொண்டுவந்த அருவிப் புட்டி அலமாரி மேல் இருந்தது. குழந்தை தேறிய பிறகு எடுத்துப் பார்த்தேன். அடியில் நூல் நூலாகப் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. மோரியில் கவிழ்த்தேன். புட்டியையும் உடைத்துக் குப்பையில் போட்டேன். கை தவறி விழுந்துவிட்டது என்று மைனியிடம் சொன்னேன். அது இரண்டாவது பொய்.

இப்போது மறுபடியும் மே முடியப் போகிறது. மைனி இந்த வருடம் ஆறு புட்டி சேர்த்து வைத்திருக்கிறார். அதில் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. அவளுக்கு இது எட்டாவது மாதம். வயிற்றுப் பிள்ளைக்கு நல்லது என்று மைனி அவளிடம் சொல்லிவிட்டார். நேற்று அவள் புட்டியைக் கழுவி, வெயிலில் காய வைத்து, என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, மறந்துராதீங்க" என்றாள். அது இப்போது என் அடுப்பு மேடையில் இருக்கிறது.

இதைப் படிக்கிற தாய்மார்களிடம் கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும்? மைனியிடம் பாலத்தைச் சொன்னால், ஒரு வருடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார். என் கணவரிடம் சொன்னால், டாக்டரிடம் பொய் சொன்னதும் வெளியே வரும். அந்தப் பெண்ணிடம் மட்டும் தனியாகச் சொல்லலாமா? அவள் மைனியிடம் போய்க் கேட்டுவிட்டால்? அல்லது ஒன்றும் சொல்லாமல், கொதித்து ஆறிய குழாய்த் தண்ணீரை அந்தப் புட்டியில் நிரப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாவது பொய்யையும் சொல்லிவிடட்டுமா? பெரியவர்களின் மனம் நோகாமல் இப்படிப்பட்ட ஒன்றை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். மழை வருவதற்குள் எழுதுங்கள்.