பிரசன்ட், மாப்ளே

கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு நான் ஊர் திரும்பியபோது முப்பத்து நாலு வயது ஆகியிருந்தது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறியவன். மேலே படிக்காமல் போனோமே என்ற நினைப்பு, அங்கே கம்ப்ரசரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் வந்து அரிக்கும். எம்.எஸ்சி. சேரப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப மீசைக்கு டை அடிச்சுக்கங்க" என்றாள்.

ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே துறையில்தான் மனைவியின் தம்பி விரிவுரையாளர். எங்கள் கல்யாணத்தில் எனக்கு மாலை போட்டு அழைத்து வந்தபோது அவன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் நான் பாடம் கேட்க நேருமோ என்று எனக்கு உள்ளூர உதறல். தான் இரண்டாம் வருடத்துக்குத்தான் வகுப்பு எடுப்பதாகவும், கவலைப்படாமல் வந்து சேரும்படியும் அவனே தைரியம் சொன்னான்.

முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்கள். நானும் மாணவன்தான், உட்காருங்கள் என்றேன். வாத்தியார் சொன்னால் கேட்பதுபோல ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

அடுத்து உள்ளே வந்தது மச்சினன். எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய மேடம் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் அவனை அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு மரியாதையாக நான் எழ, எனக்கு மரியாதையாக அவன் வாசலிலேயே நிற்க, வகுப்பு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

வருகைப் பதிவு எடுத்தான். எங்கள் பக்கம் அக்கா புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. என் பேர் வந்த இடத்தில் அவன் இருமினான், தண்ணீர் குடித்தான், அடுத்த பேருக்குப் போய்விட்டான். ஆக, கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும் அன்றைக்கு நான் ஆப்சென்ட்.

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்து வந்தான். பேருக்குப் பதில் ரோல் நம்பர். என் நம்பரைக் கூப்பிட்டதும் நான் 'பிரசன்ட் சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"பிரசன்ட், மாப்ளே" என்றேன்.

எனக்கு மாப்ளே என்றால் மனைவியின் தம்பி. அந்தப் பிள்ளைகளுக்கோ கூடச் சுற்றுகிற சிநேகிதன். எங்கள் உறவும் அவர்களுக்குத் தெரியாது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். இதை விட்டுவிட்டால் இனி அந்த வகுப்பில் அவன் பேச்சு எடுபடாது. காது சிவந்து போய், என்னைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துச் சொன்னான்.

"வெளிய போய் நில்லு... ங்க."

போய் நின்றேன். அந்த வழியாக வந்த துறைத் தலைவி, நான் எந்தப் பிள்ளையின் அப்பா என்று விசாரித்தார். நானே மாணவன்தான், வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப செவத்துல சாயாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் மச்சினன் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தான். பொழுது சாய்வதற்குள் கறம்பக்குடியிலிருந்து மாமியார் நாட்டுக்கோழியோடு வந்து இறங்கிவிட்டார். மகனும் கூட வந்திருந்தான். மாமியார் என்னிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. எனக்குக் கேட்கிற மாதிரி அடுப்படியிலிருந்து மகனிடம் பேசினார்.

"மாப்பிள்ளை என்ன தப்பு பண்ணியிருந்தாலும், ஒரு சேரை எடுத்துப் போட்டு வெளிய ஒக்கார வச்சிருக்கக் கூடாதாடா?"

அவன் செய்ததுதான் சரி என்று நான் சொல்லிப் பார்த்தேன். என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு எனக்கு இன்னொரு கால் துண்டு வைத்தார்கள்.

சாப்பிட்டுவிட்டு இருவரும் மாடிக்குப் போனோம். வகுப்பில் மற்றவர்களைப் போலவே என்னையும் திட்டும்படி சொன்னேன். தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான். பிறகு கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு ஊசலையும், அதன் நுனியில் இன்னொரு ஊசலையும் வரைந்து, இரண்டு குண்டும் எங்கே இருக்கின்றன என்று சொல்ல எத்தனை எண் வேண்டும் என்று கேட்டான். ஆறு என்றேன். கம்பி நீளாது, ஆட்டமும் ஒரே தளத்தில்தான், அதனால் இரண்டு கோணம் போதும் என்று காட்டினான். அவ்வளவு பெரிய சிக்கல் இரண்டு கோணத்துக்குள் அடங்கியதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்காகத்தான் வந்தேன் என்று தோன்றியது.

திட்டுவதைத்தான் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். முதல் வாரம் குரல் நடுங்கியது. அப்புறம் ருசி கண்டுவிட்டான். "தூங்குறதுக்கு எதுக்குங்க பஸ் ஏறி வர்றீங்க, வீட்லயே தூங்கலாம்ல?" என்று ஒருநாள் கேட்டதில், அக்கா கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்தது கொஞ்சம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வகுப்பு முடிந்ததும் வாட்ஸப்பில் 'சாரி மச்சான்' என்று வந்துவிடும்.

முதல் தேர்வில் அந்த இரட்டை ஊசல் கணக்கு வந்தது. மேற்பார்வைக்கு அவனே வந்தான். நான் போட்டு முடித்த நேரம் என் பெஞ்சருகே நின்று தாளைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் விறுவிறுவென்று நடந்து ஜன்னல் பக்கம் போய், மணி அடிக்கும்வரை முகத்தை இங்கிட்டுத் திருப்பவேயில்லை. போச்சு, தப்பு என்று முடிவு கட்டினேன்.

பஸ் ஸ்டாப்பில் அவனிடமே கேட்டேன். கணக்கு சரிதானாம். பார்த்த சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டதாம், பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்று வெளியே மரத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறான்.