பெரிய சேர் ஸ்டாப்

திருத்தங்கல் போகிற சாலையில், எங்கள் மரச்சாமான் கடை வாசலில், பன்னிரண்டு அடி உயர மர நாற்காலி ஒன்று நிற்கிறது. ஏணி போட்டால்தான் அதில் உட்கார முடியும். அதைச் செய்த மனிதரைக் கட்டிக்கொண்டவள் நான்.

பட்டாசுக் கம்பெனியில் எட்டு வருஷம் மருந்து அறையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் பக்கத்து அறை வெடித்தது. எனக்குக் காயமில்லை, ஆனால் மறுநாள் அந்த வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. "நீ போக வேணாம். கடை போட்டுப் பொழச்சுக்கிருவோம்" என்றார் தச்சு வேலை செய்யும் என் வீட்டுக்காரர். கடை ஓடாவிட்டால் நான் திரும்பவும் மருந்து அறைக்குத்தான் போக வேண்டும். அது இருவருக்கும் தெரியும் என்பதால் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே மாட்டோம்.

ஆறு மாதம் ஈ ஓட்டினோம். அப்புறம் இவர் எங்கோ இடித்த வீட்டின் உத்தரங்களைக் கொண்டுவந்து இறக்கினார். "ரோட்டுல போறவுக கண்ணு நம்ம கடையில விழணும்ல!" அந்த மரத்தில் நாலு கட்டில் செய்திருக்கலாம். கோபத்தில் இரண்டு நாள் நான் பேசவே இல்லை.

மூன்றாம் நாள் அவர் அரை அடி நீள இரும்பு ஆணியை எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். நான் கத்திக்கொண்டு சாலைக்கு ஓடிவிட்டேன். கம்பெனிக்குள் இரும்பு ஆகாது. உரசினால் பொறி பறக்கும். தலையில் செருகிய ஹேர்பின்னைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சின்ன ஆணிச் சத்தத்துக்கே வீட்டுக்குள் போய்விடுகிறவள் நான். கடையில் மருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும், என் உடம்புக்குத் தெரியவில்லை.

"சரி, இரும்பே வேணாம், வா உள்ள" என்றார். துளையிட்டு, கட்டையோடு கட்டை கோத்து, மூங்கில் ஆணி இறக்கியே முழு நாற்காலியையும் நிறுத்தினார். வேலை இரண்டு மடங்கு இழுத்தது. "பொண்டாட்டிக்குப் பயந்து ஆணி அடிக்காத ஆள இப்பத்தாம்யா பாக்கேன்" என்று எதிர் டீக்கடைக்காரர் சிரித்தார்.

நாற்காலி பேர் வாங்கியது. "பெரிய சேர்லாம் எறங்கு!" என்று கண்டக்டர்கள் கூவ ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள்; ஒரு ஸ்டூல்கூட வாங்கவில்லை. கம்பெனி வேனும் அங்கேயே நின்று ஆள் ஏற்றியது. "சீசனுக்கு ஆள் பத்தல, எப்ப வாரே?" என்று பழைய கூட்டாளிகள் ஜன்னல் வழியே கேட்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், "திங்கக்கிழமை வாரேன்." அதைக் கேட்டுக்கொண்டிருந்த இவர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. பைக்கில் வந்த ஒரு கம்பெனி போர்மேன் நாற்காலிக்கு அடியில் ஒதுங்கினார். சும்மா நிற்காமல் அண்ணாந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, எங்கனயும் இரும்பையே காணோம்?"

"இல்லீங்க. எல்லாம் மூங்கில் ஆணி."

"இதே மாதிரி மருந்து ரூம்ல உக்காந்து வேல பாக்க மணப்பலக செஞ்சு குடுப்பீகளா? இரும்பில்லாம கேட்டா எவனும் செய்ய மாட்டேங்கான்."

அம்புட்டு உயர நாற்காலிக்கு வந்த முதல் ஆர்டர், ஒரு சாண் உயரப் பலகை! இவர் என்னைப் பார்த்தார். "இவளுக்காகப் போட்ட ஆணிதாங்க" என்றார் போர்மேனிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை வேன் வந்தபோது நான் மூங்கில் சீவிக்கொண்டிருந்தேன்.

பலகைகளை என் பழைய கம்பெனியில் இறக்க நானும் கூடப் போனேன். வாசலில் சோதனை போடும் அக்கா, "வேலைக்கா வந்திருக்க?" என்றாள்.

"இல்லக்கா, லோடு எறக்க."

கேட்கும் முன்பே ஹேர்பின்னைக் கழற்றி அவள் கையில் கொடுத்திருந்தேன். அந்த எட்டு வருஷமும் சாயங்காலம்தான் அது திரும்பக் கிடைக்கும். அன்றைக்குப் பத்தே நிமிஷத்தில் வாங்கித் தலையில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன்.