படத்தில் வராத பஸ்

மனித எலும்பு உடையும் சத்தத்தைப் போன வருஷம்தான் முதல்தடவை கேட்டேன். ஈரத்துணியைத் தரையில் அறைந்த மாதிரி இருந்தது. ரங்கூனில் எங்கள் தெரு, பட்டப்பகல். சர்தார் ஓங்கிய வீல் ஸ்பானர் இனிப்புக்கடை லாலாவின் தோளில் இறங்கியது. இரண்டாவது அடி அவர் மண்டைக்கு. நடுவில் பாய்ந்த என் முழங்கை அதை வாங்கிக்கொண்டது. லாலா சரிந்ததில் ஜிலேபிச் சட்டி கவிழ்ந்து, கொதிக்கிற எண்ணெய் தெருவில் ஓடியது. அவர் மனைவி கத்திக்கொண்டே கல்லெடுத்தாள்.

லாலா பஞ்சாபி இந்து, பாட்டன் காலத்திலிருந்தே ரங்கூன்காரர். எதிரே மோட்டார் உதிரிச் சாமான் விற்கிற சர்தார், டில்லியில் பிறந்து இங்கே பெண் கட்டி வந்த சீக்கியர். கடையில் எல்லாம் கிடைக்கும், டயரைத் தவிர. ஏன் என்று கேட்டால் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அன்று ஆற்றுக்கு அக்கரை ஊரான தன்லியினிலிருந்து வந்த லாரிக்காரன் தவறிப்போய் நான்கு டயர்களை அவர் வாசலில் இறக்கிவிட்டான். லாலாவுக்குக் கேட்கவா வேண்டும். ஒன்றைத் தூக்கி மாலையாகச் சர்தாரின் கழுத்தில் போட்டு, “மாப்பிள்ளை ஆயாச்சு, இனியாவது விப்பியா?” என்றார். தெருவே சிரித்தது. நானும்தான்.

அப்புறம்தான் ஸ்பானர்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஏன் அடிச்சான்னு நாலு பேர் முன்னாடி சொல்லட்டும். இல்லே, திங்கக்கிழமை ஸ்டேஷன்” என்றார் லாலா. ராணுவம் ஆளும் இந்தக் காலத்தில் இங்கே ஸ்டேஷனுக்குள் போனவன் எப்போது வெளியே வருவான் என்று எவராலும் சொல்ல முடியாது. சர்தாரைப் பேசவைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் எழுந்து போய், ஒரு சினிமா இருந்த பென்டிரைவை எடுத்துவந்து என் கையில் வைத்தார். “இதைப் போடுங்க ஸயா. எனக்கு வாய் வராது.”

ஸயா என்றால் வாத்தியார். பள்ளிக்கூடம் முழுசாய் முடிக்காத எனக்கு அந்தப் பட்டம் வந்தது மைக்கால். இந்தியப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைப் பர்மியில் சொல்லிக்கொண்டே வருவேன். நம் பிள்ளைகளுக்கே இப்போது பர்மிதானே ஓடுகிறது. கெட்ட வார்த்தையை நல்லதாக்குவேன், கொடூரத்தை மழுப்புவேன். அது ஒரு நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை கோயில் கூடத்தில் அந்தப் படத்தைப் போட்டேன். லாலாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். கையைத் துணியால் கழுத்தில் கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தார். எண்பத்துநாலில் டில்லியில் பிரதமரை அவருடைய சீக்கியக் காவலர்கள் சுட்டபின் சீக்கியர்களைத் தேடித்தேடிக் கொன்ற கதை. திரையில் ஒரு சந்து, ஒரு கூட்டம், நடுவில் தலைப்பாகை பறிபோன ஒரு மனிதர். கழுத்தில் டயர். நான் வழக்கம்போல், “அடித்தார்கள், இறந்துபோனார்” என்று தாண்டினேன்.

“ஸயா, டயரை விட்டுட்டீங்க” என்றார் சர்தார், பின்வரிசையிலிருந்து. “சொல்லுங்க.”

நான் அடுத்த வசனத்துக்குப் போனேன். அவரே வந்து மைக்கை வாங்கினார்.

“எங்க வீட்டு வாசல். முதல்ல அப்பாவோட முடியை வெட்டினாங்க. அப்புறம் டயர். அப்புறம் மண்ணெண்ணெய். எனக்குப் பன்னிரண்டு வயசு, அம்மா என் வாயைப் பொத்திட்டாங்க. அப்பா எரிஞ்சுக்கிட்டே ஓடினார். நாலு வீடு தாண்டினார். ஒரு கதவும் திறக்கலே.”

திரையில், நான் சத்தத்தைக் குறைத்துவிட்ட படம் அதுபாட்டுக்கு ஓடியது. லாலா தலையைக் குனிந்தபடி, “இந்தப் படத்துல பஸ் வராதா?” என்றார். யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“எந்த பஸ்?” என்றார் சர்தார்.

“பஞ்சாபுல சொந்தக்காரங்களைப் பாக்கப் போனான் என் அண்ணன். சீக்கியத் தீவிரவாதிங்க துப்பாக்கியோட பஸ்ஸை மறிச்சு, இந்துக்களை மட்டும் தனியா இறக்கி, வயல்ல வரிசையா நிக்கவச்சு...”

சர்தார் மேடையிலிருந்து இறங்கி வந்து மைக்கை லாலாவின் வாய்க்கு நேராகப் பிடித்தார். “இதுல வராது, லாலா. நீ சொல்லு.”

லாலா இந்தியில் சொன்னார். எத்தனை குண்டு, அண்ணனின் முகத்தில் எது மிச்சம், எதை வைத்து அடையாளம் கண்டார்கள், எல்லாம். நான் ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் பர்மியில் சொன்னேன். மைக் எனக்குத் தேவைப்படவில்லை, கூடம் அப்படி அடங்கிக் கிடந்தது.

சினிமா அவர்களை ஆற்றிவிட்டது என்று அளக்க மாட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பக்கம் பார்த்து உட்காரவைத்தது. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

படம் முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு வாசலால் போனார்கள். புகாரைப் பற்றி லாலா மூச்சுவிடவில்லை. திங்கள் காலை சர்தார் மாற்றுத்துணி வைத்த பையோடு இனிப்புக்கடை வாசலில் நின்றார்.

“வா, ஸ்டேஷனுக்கு நானும் வரேன்” என்றார்.

லாலா பையைப் பார்த்தார். “அங்கே போய் என்னன்னு சொல்றது, உன் அப்பாவையும் என் அண்ணனையும் விட்டுட்டு? ஷட்டரைத் தூக்கு. ஒத்தைக் கையால முடியலே.”

சர்தார் பையைக் கீழே வைத்தார்.